கருவாட்டுப் புகை

"இன்னும் நாலு கருவாடு போடு மாரே. வாசனை தெருக்கோடி வரைக்கும் போகணும்" என்றாள் தெயோபிலா.

வீட்டில் யாருக்கும் பசியில்லை. விடிந்ததிலிருந்து துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருந்தது.

கரி அடுப்பில் வாணலி. வாணலிக்கு அடியில் எரிந்துகொண்டிருந்தது தெயோபிலாவின் நாவல். காகிதம் கருகும் வாடை வெளியே தெரியாமலிருக்கக் கருவாடு பொரிப்பது, அந்தச் சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் மணிலாவில் எழுதுகிறவர்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த தந்திரம்.

அவன் குடும்பத்தோடு விமானம் ஏறி ஓடி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இனி எதையும் எழுதலாம், அச்சடிக்கலாம் என்று ஊரே கூத்தாடியது. தெயோபிலாவும் அரிசிப் பானைக்கு அடியில் புதைத்து வைத்திருந்த நாவல் கட்டைத் தைரியமாக மேஜைமேல் எடுத்து வைத்தாள். திங்கட்கிழமை பதிப்பாளர் வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. இன்று காலையில் ரேடியோ சொல்கிறது, அவனுடைய பழைய பட்டாளத்தார் ஜனாதிபதி மாளிகையை வளைத்துவிட்டார்களாம்.

"எரிச்சா மட்டும் என்ன ஆகிடப்போகுது மாரே?" என்று கேட்டாள் பிசிங். நாவல் முழுவதையும் தட்டச்சு செய்து கொடுத்தவள் அவள்தான். அவளுடைய மகன் நந்திங்குக்கு ஞானத்தாய் தெயோபிலா. அந்த முறையில் இருவரும் ஒருவருக்கொருவர் 'மாரே'.

"வாயைக் கழுவு! என் தம்பியை ஜீப்புல ஏத்தினவன் பேரு இதுல இருக்கு. தம்பிக்குச் சோறு போட்டு ஒளிச்சு வெச்சவங்க பேரும் இருக்கு. திரும்பி வந்தவனுங்க கையில சிக்கினா அத்தனை பேர் கதையும் முடிஞ்சுது."

பிசிங் அடுத்த கற்றையை நீட்டினாள்.

"உன் விரலைப் பாரு" என்றாள் தெயோபிலா. பயத்தில் வாய் சும்மா இருக்க மாட்டேனென்றது. "நாவல்பழம் திருடின குரங்கு மாதிரி. இத்தனை வருஷமா அடிக்கிறே, கையில மை படாம ஒரு ரிப்பன் மாத்தத் தெரியலே உனக்கு."

"பழைய மிஷின் மாரே."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா இன்னிக்கு நீ கியாபோவுக்கும் போகலே. அதான் சாமி கோவிச்சுக்கிட்டார்."

பிசிங் சிலுவை போட்டுக்கொண்டாள். நந்திங்கைப் பட்டாளம் பிடித்துப்போன வருஷம் தொடங்கிய நேர்ச்சை அது. பிடிபட்ட பிள்ளைகளில் உடம்பில் கீறல் இல்லாமல் வீடு திரும்பியவன் அவன் ஒருவன்தான். அன்று முதல் மழையோ வெள்ளமோ, வெள்ளிக்கிழமை தவறாமல் கியாபோ கோயிலில் சிலுவை சுமக்கும் கறுத்த இயேசுவின் பாதத்தைத் தொட்டுவிட்டு வருவாள், கூடை நிறைய மெழுகுவர்த்தியோடு.

தெயோபிலாவின் தம்பி தாசியோ திரும்பவேயில்லை.

தெருவில் லாரி உறுமியது. வாசலுக்கு நேரே வந்து நின்றது.

பூட்ஸ் சத்தம் வாசற்படியில் ஏறியது.

கையில் மிச்சமிருந்தது கடைசி அத்தியாயம். தாசியோவின் அத்தியாயம். தெயோபிலா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"குடு மாரே, குடுத்துடு!" பிசிங் காதோடு கெஞ்சினாள்.

கதவு தட்டப்பட்டது. தெயோபிலா கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் அடுப்பில் திணித்தாள். தீ எகிறி அவள் முன்மயிரைப் பொசுக்கியது. வாணலியை இழுத்து மேலே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

மீசை முளைக்காத சிப்பாய் ஒருவன். முகமெல்லாம் கரி.

"பயப்படாதீங்கம்மா, நாங்க அரசாங்கப் பட்டாளம். எல்லாம் அடங்கிடுச்சு, அவனுங்க ஓடுறானுங்க. கதவை மட்டும் சாத்தியே வைங்க." எட்டி உள்ளே பார்த்தான். மூக்கை உறிஞ்சினான். "காலையிலேருந்து பட்டினிம்மா. அந்தக் கருவாடு ரெண்டு கிடைக்குமா?"

வாணலியில் இருந்ததை எல்லாம் வாழையிலையில் கட்டிக் கொடுத்தாள் தெயோபிலா. லாரி போய்விட்டது. எதிர்வீட்டு ரேடியோ அலறியது, தெருவில் யாரோ கை தட்டினார்கள்.

அவள் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். சாம்பலுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். ஒரு எழுத்துக்கூட மிஞ்சவில்லை.

"தாசியோவுக்குக் கல்லறை இல்லே மாரே. எங்கே போட்டானுங்கன்னே தெரியாது. இதுதான் அவனுக்குக் கல்லறைன்னு கட்டினேன். என் கையாலேயே..." கையில் ஒட்டிய சாம்பலை உதறினாள். "நான்தானே சட்டம் போட்டேன்! நகல் எடுக்காதே, ஒரே பிரதி போதும், நீ அடிச்சு முடிச்சதும் என் கையெழுத்துத் தாளையும் கொளுத்திடுன்னு! ஒண்ணே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கக் கூடாதா நாம?"

தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிசிங் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"அழாதே மாரே" என்றாள். தன் நீலம் பாய்ந்த விரல்களையே பார்த்தாள்.

"கார்பன் நகல் பட்டாள முகாமுல இருக்கு. நந்திங்கை விட்டதுக்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கியாபோவுல நான்தான் குடுத்தேன்."