ஐந்தாவது சக்கரம்

முகூர்த்தத்துக்குச் சரியாக ஒரு மணி நேரம் இருந்தபோது, கல்யாணப் பெண்ணை ஏற்றி வந்த ஜீவராஜின் வேன் லிந்துலைக்கு அருகே ஒரு வளைவில் டயர் காற்றுப் போய் நின்றது.

"காத்துப் பாக்கலையாண்ணே?" என்றாள் பின்னால் இருந்த மணப்பெண் தனுஷிகா.

ஜீவராஜுக்குச் சுருக்கென்றது. தினமும் காற்றுப் பார்ப்பவன், அளவுக்கு மேல் ஆள் ஏற்றாதவன், தேய்ந்த டயரில் ஒரு நாளும் வண்டி ஓட்டாதவன் அவன். குனிந்து பார்த்து, டயரில் ஏறியிருந்த ஆணியைப் பிடுங்கினான். கூரைத் தகரத்துக்கு அடிக்கும் ஆணி.

"எந்தப் படுபாவியோ ரோட்டுல போட்டுட்டான். பயப்படாத தங்கச்சி, புது ஸ்பெயார் வீல் இருக்கு. பத்து நிமிசத்துல மாட்டிருவேன்."

பின்கதவைத் திறந்தான். வீல் இருந்த இடத்தில் வழுக்கையான ஒரு பழைய டயர் மட்டும் கிடந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி வினோதா மெல்ல இறங்கி வந்தாள்.

"அது நம்ம வீட்டு ஆணிங்க. காலையில நீங்க குளிக்கப் போனப்ப அடிச்ச காத்துல கழண்டு வாசல்ல விழுந்துச்சு. தகரம் பறக்கப் பாத்துச்சு."

"அதுக்குத்தானே மேல பழைய டயர் வச்சிருக்கோம்?"

"அது வழுக்கிக்கிட்டே இருந்துச்சுங்க. புது டயர்தான் நல்லா புடிக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க? ஸ்பெயார் வீலக் கூரை மேல தூக்கி வச்சிட்டேன்."