துவைக்காத கவுன்

“துவைக்காம அப்படியே கொண்டுவந்திருக்கீங்கல்ல?”

டீச்சர் கேட்டதும், அப்பா பையிலிருந்து ஒரு சின்னக் கவுனை எடுத்துப் பெருமையாக மேசைமேல் விரித்தார். நேற்றுக் காலைவரை அது மஞ்சள் கவுன். இப்போது முன்பக்கம் பூராவும் சேறு, ஓரமெல்லாம் புல் கறை, பாக்கெட்டுக்குள் வாடிய இலைகள் வேறு.

டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. போன மாதம் இதே அறையில்தான் அவர் கறாராகச் சொல்லியிருந்தார்.

“உங்க பொண்ணு வகுப்புல வாயே திறக்கறதில்ல. யாரோடவும் சேர்றதில்ல. இப்படியே விட்டா இன்னும் சுருங்கிப் போயிடுவா. இதுக்கு டியூஷன் எல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் மண்ணுல விளையாட விடுங்க. அழுக்கான துணியை என்கிட்ட காட்டுங்க, போதும்.”

சளி பிடிக்கும், தூசு ஆகாது, அலுவலகத்தில் வேலை என்று அப்பாவும் வாராவாரம் ஒரு சாக்குச் சொல்லிப் பார்த்தார். டீச்சர் மசிகிற ஆள் இல்லை.

“எங்கே போனீங்க?”

“எங்க அடுக்குமாடிக்குப் பின்னாலயே ஒரு காலி மனை, டீச்சர். மழைத்தண்ணி தேங்கிக் கிடந்துச்சு.”

“தயங்காம இறங்கியாச்சா?”

“எங்க! முதல்ல ஒரே கூச்சம், யாராவது பார்த்துடுவாங்களோன்னு. அப்புறம் அங்க இருந்த பசங்க வந்து ஒட்டிக்கிட்டாங்க. வாய்க்கால் வெட்டி, அணை கட்டி, அது படக்குனு உடைஞ்சு... அடடா, என்ன சத்தம், என்ன சிரிப்பு!”

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். சிரிப்புக்குக்கூட லீவு லெட்டர் கேட்பவர் என்று அலுவலகத்தில் பெயரெடுத்தவர், மண்புழு நெளிந்த விதத்தை விரலை நெளித்து நெளித்துக் காட்டினார். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்ததுமே அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. பக்கத்தில் மகள் கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சரி, சளி பிடிச்சுதா?”

“ஒரு தும்மல்கூட இல்ல, டீச்சர்!”

டீச்சர் சிறுமியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “அதென்ன, நகம் மட்டும் இவ்வளவு பளிச்சுனு இருக்கு?”

அப்பா தன் கைகளை மெல்ல மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். “அது... அவங்க அம்மா சுத்தம்னா சுத்தம், டீச்சர். லேசுல விடுவாங்களா?”

டீச்சர் சிரித்தார். சிறுமியின் சட்டையில் பெரிய நட்சத்திரம் ஒன்றை ஒட்டி, முதுகில் தட்டிக்கொடுத்தார். “இனிமே வாராவாரம் இது நடக்கணும், சார்.”

“கரும்பு தின்னக் கூலியா, டீச்சர்!”

பள்ளியின் கேட்டைத் தாண்டும்வரை மகள் நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

“நேத்து நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டே இருந்தேம்ப்பா. அடுத்த வாரம் என் கவுனை அழுக்காக்கப் போறப்ப, என்னையும் கூட்டிட்டுப் போறியா?”