சங்கரி போடும் மார்க்

பன்னிரண்டு விசைத்தறிகளின் இரைச்சலில் யார் பேச்சும் யார் காதிலும் விழாது. அருப்புக்கோட்டையின் இந்தத் தறிக் கொட்டகையில் சினிமா விமர்சனமும் விரலால்தான். ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்துவிட்டுத் திங்கள் காலையில் சங்கரி எத்தனை விரல் காட்டுகிறாளோ, அதுதான் ஐந்துக்கு அந்தப் படத்தின் மார்க். இன்று எல்லாக் கண்களும் அவள்மேல் இருக்கின்றன. போன வருஷம் இதே கொட்டகைக்கு வந்து, கதாநாயகியின் கைக்குப் பதிலாக அவள் கையைப் படம் பிடித்துப் போனார்களே, அந்தப் படத்தைத்தான் நேற்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயிலில் பஞ்சுத் தூசி மிதக்கிறது. சங்கரி இரண்டு விரலைத் தூக்குகிறாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போகிறது. திடீர் அமைதியில் பக்கத்துத் தறி மாரீஸ்வரியின் குரல் பெரிதாகக் கேட்கிறது. “என்னக்கா, ஒங்க கை நடிச்ச படத்துக்கே ரெண்டுதானா?” “பெறகு? இழை அறுந்து கெடக்கு, தறி அதுபாட்டுக்கு ஓடுது, படத்துல அந்தக் கதாநாயகிப் பிள்ள ஒக்காந்து அழுவுது. தறிய நிறுத்திட்டுல்லடி அழுவணும்!” என்கிறாள் சங்கரி. கொட்டகையே சிரிக்கிறது. சங்கரி சிரிக்கவில்லை. தலைமுடியில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, தன் தறியின் பாவு நூலில் அறுந்து தொங்கும் இழையை எடுத்து, பார்க்காமலே முடிச்சுப் போடுகிறாள். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த மாரீஸ்வரி, “சரிக்கா, அந்தக் கைக்கு எத்தன?” என்கிறாள். அதற்குள் கரண்டு வந்துவிடுகிறது. தறிகள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்குகின்றன. சங்கரி ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறாள். கொஞ்சம் யோசித்து, இன்னொரு கையையும் விரித்துத் தூக்குகிறாள்.