பத்தொன்பதாவது பூச்சி

சாண் சாணாய் அளந்து நடக்கும் புழுதான் வளர்ந்து அந்தப் பச்சை அந்துப்பூச்சியாகும். எங்கள் அருங்காட்சியகத்தில் அந்த வகையில் பதினெட்டு இருந்தன. எல்லாமே என் வீட்டுக்காரர் காட்டில் பிடித்து, ஊசி குத்தி, சீட்டு எழுதி வைத்தவை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதே காட்டில் மண் சரிந்து அவர் போய்ச் சேர்ந்தார். முகத்து மண்ணைத் துடைத்து அடையாளம் காட்டியவள் நான்தான்.

இன்று மதியம் இழுப்பறையைத் திறந்து எண்ணினேன். பத்தொன்பது.

"முதல்ல கண்ணாடிய மாத்தும்மா," என்றார் மேலதிகாரி. பிறகு அவரே எண்ணிப் பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார்.

கடைசிப் பூச்சியின் உடல் இன்னும் காயவில்லை. நடுமார்பில் இறங்க வேண்டிய ஊசி இம்மி இடப்பக்கம் தள்ளியிருந்தது. அவர் இடதுகைக்காரர், தலைபாடாய் அடித்துக்கொண்டாலும் அப்படித்தான் குத்துவார். சீட்டிலும் அவர் கையெழுத்து. பிடித்த நாள், இன்று. பிடித்த இடம், மகள் அறை ஜன்னல்.

பள்ளி விடுமுறை. பத்து வயதுப் பெண் வீட்டில் தனியாக இருந்தாள். வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

"கண்ணு, உன் ரூம் ஜன்னல் சாத்தியிருக்கா?"

"சாத்தியாச்சும்மா. பூச்சி பிடிச்சு முடிச்சிட்டாராம்."

"யாரு?"

"போட்டோல இருக்கற அப்பாதான். இதைவிடப் பெரிய ஊசி எங்க இருக்குன்னு கேக்கறாரு. சொல்லட்டுமா?"