கடல்காற்றும் குளியல் துண்டும்

ஏழாம் அறைக் குளியல் தொட்டிக்குள், பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால், செருப்போடு நின்றிருந்தேன்.

குளிக்க அல்ல. துண்டு எப்படி விழுகிறது என்று பார்க்க.

எதிரே கம்பியில் வெள்ளைத் துண்டு தொங்கியது. அதற்கு மேலே ஓர் அட்டை. பிரெஞ்சில் பெரிதாக, ஆங்கிலத்தில் சுமாராக, தமிழில் எறும்பு படிக்கிற அளவில்: "தண்ணீரைச் சேமிப்போம். துண்டு கம்பியில் இருந்தால் நாளைக்கும் அதையே பயன்படுத்துவேன். தரையில் கிடந்தால் துவைத்துக் கொடுங்கள்."

எங்கள் விடுதியின் முதலாளியம்மா பிரான்சில் இருக்கிறார். புதுச்சேரியின் நிலத்தடி நீரைப் பற்றிய கவலை அங்கிருந்துதான் வருகிறது. அட்டையோடு ஓர் உத்தரவும் வந்தது. துவைக்கிற துணி பாதியானால் மெஷினே போதும். மாடியில் துண்டு துவைக்கும் அம்மாவாசை அண்ணன் அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மேனேஜர் கிருஷ்ணசாமி சார்.

சாருக்குத் தண்ணீர் விஷயத்தில் இரக்கமே கிடையாது. நாங்கள் கை கழுவும்போது பின்னால் வந்து நின்று, சோப்பு நுரை இருக்கும்போதே குழாயை மூடிவிடுவார். அட்டைகளை அறை அறையாக அவரே மாட்டினார். கோணலாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார்.

ஆனால் துணி குறையவில்லை.

விருந்தினர்கள் எல்லோரும் துண்டைக் கம்பியில் போட்டுவிட்டு, உலகத்தைக் காப்பாற்றிய முகத்தோடு பீச் ரோட்டுக்குப் போகிறார்கள். மத்தியானம் போய்ப் பார்த்தால் துண்டெல்லாம் தரையில்.

"கடல்காத்து மேடம். கம்பியில நிக்கவே மாட்டேங்குது" என்று சார் போனில் சொன்னார்.

மேடம் கிளிப் வாங்கச் சொன்னார். வாங்கினோம்.

மறுநாள் துண்டு தரையில் கிடந்தது. கிளிப் கம்பியிலேயே இருந்தது.

இப்படி ஒரு காற்றை நான் கேள்விப்பட்டதில்லை. மேடமும் கேள்விப்பட்டிருக்க மாட்டார் போல. ரிசப்ஷனில் சும்மா உட்கார்ந்திருக்கிற என்னைப் போனில் தனியாகக் கூப்பிட்டு, நேரில் பார்த்துச் சொல்லச் சொன்னார். இன்று சாயந்திரம் வீடியோ காலில் வருவார்.

என் சந்தேகம் அறை சுத்தம் செய்யும் தாமரைச்செல்வி அக்கா மேல். அவரும் அம்மாவாசை அண்ணனும் சேதராப்பட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். காலையில் கேட்டேவிட்டேன்.

"ஏன்க்கா, துண்டு தானா உழுதா?"

"குனிஞ்சு பொறுக்குறவ நானு. நானே தள்ளிவுட்டு நானே பொறுக்க நான் இன்னா லூசா? வேணும்னா நின்னு பாரு, போ."

நிற்கிறேன். குளியலறை ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று. மாடியில் அம்மாவாசை அண்ணன் துணியைக் கும்முகிற சத்தம் கேட்கிறது. நடுநடுவே அக்காவின் சிரிப்பு. ஆக, இரண்டு பேரும் மேலே.

அறைக் கதவில் சாவி திரும்பியது.

முதலில் பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ தெரிந்தது. பிறகு கிருஷ்ணசாமி சார்.

அட்டை இம்மியளவு சாய்ந்திருந்ததைப் பார்த்து நேராக்கினார். கை கழுவும் குழாய் சொட்டவில்லையே என்று ஒரு முறை இறுக்கிக்கொண்டார்.

பிறகு கிளிப்பைத் திறந்தார். துண்டை இரண்டு விரலால் இழுத்துக் கீழே விட்டார். கிளிப்பை மறுபடி கம்பியில் மாட்டினார். துண்டு ரொம்ப ஒழுங்காக விழுந்திருந்தது போல. ஷூ நுனியால் கொஞ்சம் கலைத்துவிட்டார்.

என் செருப்பு தொட்டியில் கிறீச்சிட்டது.

சார் திரும்பினார். திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். விலக்கவில்லை.

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தி, இல்லப்பா?"

அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை. சம்பளம் கேட்கப் போகும்போது எனக்கு வரும் குரல் அது.

"ஆமாம் சார்" என்றேன் திரைக்குள்ளிருந்து. "தள்ளுது."

அவர் போய் எட்டாம் அறையின் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

தொட்டியிலிருந்து இறங்கித் தாழ்ப்பாளை நீக்கி ஜன்னலை விரியத் திறந்துவைத்தேன். வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

கிளிப்பைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மேடம் கேட்டால், அதையும் காற்றுதான் கொண்டுபோயிற்று.