விடுவித்த காரணம்

"ராஜினாமா பண்ணிப்போட்டு ஓடியாந்தவளுக்கு, அந்த அஞ்சு வருசத்தையும் சேர்த்துக் குடுன்னா எவன் குடுப்பான்? நீங்களே சொல்லுங்க சார்!"

அரசு மருத்துவமனை அலுவலகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போதே மயில்சாமி ஆரம்பித்துவிட்டார். பொள்ளாச்சியில் கொப்பரை வியாபாரம் செய்கிறவர்.

பக்கத்தில் மனைவி புவனா நின்றார். இதே மருத்துவமனையில் இருபத்தேழு வருடமாக நர்ஸ். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் ராணுவ மருத்துவமனையில் லெஃப்டினன்ட் நர்ஸாக இருந்தவர். அதையும் பணிக்காலத்தில் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்திருந்தார்.

"ராஜினாமான்னா சேராதுங்க," என்றார் எழுத்தர் ஜபருல்லா. "ராணுவத்துல அவங்களே விடுவிச்சிருந்தா வழி இருக்குதுங்க. அங்கிருந்து ஃபைல் நகல் இன்னைக்குத்தான் வந்துச்சு. பார்த்துரலாம்."

"பார்க்கறதுக்கு என்னங்க இருக்குது? குளிரு தாங்கல, சப்பாத்தி தொண்டையில எறங்கல. கல்யாணம் முடிஞ்சு திரும்பிப் போனவ, ரெண்டே மாசத்துல பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டா."

விருந்து விசேஷம் எங்கே போனாலும் மயில்சாமி இதைச் சொல்லாமல் இலையில் கை வைக்க மாட்டார். எல்லோரும் சிரிப்பார்கள். புவனாவும் சேர்ந்து சிரித்துவிடுவார்.

இப்போது புவனா சிரிக்கவில்லை. "ஃபைலே வந்துருச்சுங்களா சார்? நானும் ஒழுங்கா வேலை பார்த்தவதான்னு ஒரு வரி எழுதித் தருவாங்கன்னுதான மனுப் போட்டேன். அப்ப வேண்டாங்க. மனுவைத் திருப்பி வாங்கிக்கறேன்."

"பார்த்தீங்களா! குட்டு ஒடஞ்சுரும்னு பயம்," என்றார் மயில்சாமி. "நீங்க படிங்க சார்!"

ஜபருல்லா கவரைப் பிரித்தார். ஆங்கிலத்தில் இருந்ததை மெல்லத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"லெஃப்டினன்ட் புவனேஸ்வரி. நடத்தை மிக நன்று. வேலைத் திறமை மிக நன்று. ராஜினாமா இல்லீங்க. பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்."

"அப்பத் தொரத்தி உட்டுட்டாங்களா? அப்பிடி என்ன தப்புப் பண்ணுனே அம்மணி?"

ஜபருல்லா அடுத்த வரியை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"காரணம்: திருமணம்."

"ஆரு திருமணம்?"

"உங்க திருமணந்தாங்க. நர்ஸம்மாக்கள் கல்யாணம் பண்ணிக்கிட்டா வேலையை விட்டு எடுத்துரலாம்னு அப்ப அங்க ஒரு விதி இருந்துச்சுங்க. பின்னாடி அதை எடுத்துட்டாங்க."

மயில்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கழுத்துல தாலி ஏறுனது ஒரு குத்தமா? அக்கிரமமா இருக்குதுங்களே!"

முப்பத்து நாலு வருடம் ஊர்ச் சபையில் பெண்டாட்டியை வைத்துச் சிரித்த சிரிப்பெல்லாம் இப்போது அவரையே திருப்பிக் குத்தியது. யார் மேலாவது கோபப்பட்டால்தான் தாங்கும் போலிருந்தது.

"இங்க நடந்த கல்யாணம் அத்தனை தூரத்துல இருக்கறவனுக்கு எப்பிடிங்க தெரியும்? எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் எழுதிப் போட்டிருக்கறான். அவன் கை வெளங்குமா? ஆருன்னு பாருங்க சார்!"

"உடுங்க, அது எந்தக் காலத்துக் கதை," என்று புவனா ஃபைலை மூடப் போனார். மயில்சாமி அந்தக் கையை விலக்கிவிட்டுத் தாளைப் புரட்டினார்.

அடுத்த தாள், ஒரு கல்யாணப் பத்திரிகையின் நகல். நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே, அது வந்த உறையின் நகல். கமாண்டிங் ஆபீசர் என்று தொடங்கி, தப்பும் தவறுமான இங்கிலீஷில் ஒரு விலாசம்.

அது மயில்சாமியின் கையெழுத்து.

"அங்க மட்டும் பத்திரிகை அனுப்ப வேண்டாங்க" என்று புவனா அன்றைக்குக் கெஞ்சியது ஞாபகம் வந்தது. கொப்பரைக்காரனைக் கட்டிக்கொள்வதைச் சொல்ல அதிகாரிகள் முன்னால் வெட்கப்படுகிறாள் என்று நினைத்தார். வீம்புக்கென்றே தபாலாபீஸ் போய், ரிஜிஸ்டர் பண்ணிவிட்டு வந்தார்.

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏன் அம்மணி, இத்தனை வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?"

புவனா அவர் கையிலிருந்த தாளை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"எம் மேல இருந்த பெருமையில அனுப்பிப்போட்டீங்க. அதைப் போய்த் தப்புன்னு எப்பிடிங்க சொல்லுவேன்?"