கமலா வீட்டுக் குழி

வாளியில் வந்த தண்ணீர் சிவந்திருந்தது.

அம்சா அதைக் கிணற்று மேடையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி சிந்திவிட்டது.

"செவந்துகினு வருது பாருங்க!" என்று எதிர்வீட்டு ராஜவேலு கத்தினான். தறிச் சத்தம் நின்றது. நெசவாளர் தெருவே கூடிவிட்டது. எல்லார் கண்களும் கமலாவின் மேல் திரும்பின.

திருத்தணி மலையில் ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பத்தே நாள். கூட்டம் வந்து இறங்குவதற்குள், தெருவில் பரவிய வாந்திபேதிக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும் என்று சுகாதார இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கிணற்றை ஒட்டி இரண்டு வீடுகள்தான். கிழக்கே கமலா, மேற்கே அம்சா. குளித்த தண்ணீரும் துவைத்த தண்ணீரும் அவரவர் கொல்லைக் குழியில் இறங்கி, செங்கல் துண்டிலும் மணலிலும் வடிந்து மண்ணுக்குள் போக வேண்டும். எந்தக் குழி கிணற்றில் கசிகிறது? ஒவ்வொரு குழியாகச் சாயப்பொடி கரைத்து ஊற்றி, கிணற்றில் நிறம் ஏறுகிறதா என்று பார்க்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

அந்த வேலையை அம்சாவே கேட்டு வாங்கினாள். வேண்டாமென்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நோய் முதலில் கொண்டுபோனது அவளுடைய ஆறு வயது வசந்தியைத்தான். அதன் பிறகு தெருவில் இன்னும் இரண்டு குழந்தைகள்.

கமலா வீட்டில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

அவள் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிப்பதேயில்லை. அரக்கோணத்தில் ரயில் வேலை பார்க்கும் புருஷன் சொல்லிக்கொடுத்தானாம். விஷயம் தெரியாமலா காய்ச்சுகிறாள்? ஒரு மாதமாக அம்சா சுவர் மறைவில் நின்று கமலாவின் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். யுத்தத்தால் சாயத்துக்குத் தட்டுப்பாடு இருந்தும், தன் புருஷனின் பெட்டியிலிருந்து இரண்டு பொட்டலம் சிவப்புச் சாயம் எடுத்துக்கொண்டாள்.

ராஜவேலு கடப்பாரையோடு கமலா வீட்டுப் பக்கம் நடந்தான். பின்னாலேயே நாலு பேர் போனார்கள்.

கமலா அவர்களைத் தடுக்கவில்லை. அம்சாவின் முன்னால் வந்து நின்றாள். கசிவது தன் குழிதான் என்று அவளே நம்பிவிட்டது முகத்தில் தெரிந்தது.

"எங்க குழின்னு எனக்குத் தெரியாதுக்கா. வசந்தி எம் மடியில வளந்த பொண்ணு, தெரிஞ்சி செய்வேனா?"

எந்தக் குழியில் ஊற்றினாள் என்று தெருவில் ஒருவரும் அம்சாவைக் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

கொல்லையில் கடப்பாரை விழும் சத்தம் கேட்டது.

அம்சா இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து கமலாவின் கையில் வைத்தாள். கட்டிய நூல்கூட அவிழவில்லை.

"இது உன் குழிக்குன்னு வெச்சிருந்தது. நாளிக்கி ஊத்தலாம்னு இருந்தேன். நாளப்பின்ன யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு, முதல்ல எங்களுதுல ஊத்தனேன்."

கமலா பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்சா ராஜவேலுவை நிறுத்தச் சொல்லக் கமலாவின் கொல்லைக்கு ஓடினாள். தன்னுடைய குழி அங்கிருந்தே தெரிந்தது. வசந்தி படுக்கையில் கிடந்த மூன்று நாளும் அவளுடைய துணிகளை அம்சா அங்கேதான் அலசினாள்.